பழைய பித்தளை ஸ்டாண்டு விளக்கு: கழற்றுதலும் புதிய வயர் இழுத்தலும்

பழைய ஸ்டாண்டு விளக்கில் முதலில் கெட்டுப்போவது வயர்தான். பித்தளைக் குழாயும் வார்ப்பிரும்பு அடிப்பீடமும் மூன்று தலைமுறை தாங்கும். உள்ளே ஓடும் வயரின் ரப்பர் உறையோ சில பத்தாண்டுகளிலேயே வறண்டு, வளைத்தால் பிஸ்கட் போல நொறுங்கும். விளக்கு எரிவதால் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. உறை உதிர்ந்த செம்பு குழாயின் உட்சுவரைத் தொடாத வரையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். தொட்டுவிட்டால் ஐந்தடி உயர உலோகம் முழுவதிலும் 230 வோல்ட் ஏறிவிடும். பழைய விளக்குகளில் பெரும்பாலானவை இரண்டு கம்பி வயருடன் வந்தவை, எர்த் கிடையாது. எனவே கிழிந்த வயருக்குப் புதிய வயர் போடுவதோடு வேலை முடிவதில்லை. உடம்பெல்லாம் உலோகமாக உள்ள ஒரு பொருளுக்கு எர்த் கொடுப்பதுதான் இதில் முக்கியமான பாதி.

இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்வது, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் பழைய பங்களா வீடுகளிலும் கிடைக்கும் வகையை: நான்கரை முதல் ஐந்தரை அடி உயரம், பித்தளைக் குழாய், கனமான வட்ட அடிப்பீடம், உச்சியில் ஒற்றைப் பல்பு, பின் டைப் பித்தளை ஹோல்டர். பல பல்பு விளக்குகளுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்த விளக்குகளுக்கும் வேண்டிய மாறுதல்கள் இறுதியில் தனியாக உள்ளன.

விளக்கின் அமைப்பு

கீழிருந்து மேலாகப் பார்த்தால், முதலில் தரையைத் தொடும் ஃபெல்ட் துணி. அதற்கு மேல் அடிப்பீடம். வெளியே பித்தளைத் தகடு, உள்ளே எடைக்காக வார்ப்பிரும்பு. மலிவான விளக்குகளில் இரும்புக்குப் பதில் சிமெண்டோ பிளாஸ்டரோ ஊற்றியிருப்பார்கள். பீடத்தின் நடுத்துளை வழியாகத் தண்டு மேலே போகிறது. தண்டின் உச்சியில் மரையிட்ட சிறு குழாய்த்துண்டு உண்டு. கடைக்காரர்கள் இதை நிப்பிள் என்பார்கள். ஹோல்டர் இதன் மேல் திருகப்பட்டிருக்கும். ஹோல்டரைச் சுற்றியுள்ள இரண்டு வளையங்களுக்கு நடுவே ஷேடு பிடிக்கப்படுகிறது.

தண்டு இரண்டு விதமாக இருக்கும். எந்த விதம் என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

முதல் விதத்தில், அடியிலிருந்து உச்சி வரை ஒரே மெல்லிய இரும்புக் குழாய் ஓடும். வெளியே தெரியும் பித்தளை உருளைகள், குமிழ்கள், வளையங்கள் எல்லாம் அதன்மேல் கோத்தவை. பீடத்தின் அடியிலுள்ள ஒரே நட் அத்தனையையும் இறுக்கிப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தினால் விளக்கு முழுவதும் தளர்ந்துவிடும்.

இரண்டாம் விதத்தில், பித்தளைக் குழாய்களே ஒன்றோடொன்று மரையில் இணைந்திருக்கும். உள்குழாய் கிடையாது; வயர் நேராகப் பித்தளைக்குள் ஓடும். இங்கே ஒரு குழாயைத் திருகினால் உள்ளிருக்கும் வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

கண்டுபிடிக்க எளிய வழி: தண்டின் நடுவிலுள்ள ஒரு குமிழை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் நகராமல் வெறுமனே சுற்றினால் அநேகமாக முதல் விதம். சுற்றச் சுற்ற இடைவெளி விரிந்தால் இரண்டாம் விதம்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

காந்தம் ஒன்றை வைத்துப் பார்ப்பது நல்லது. உண்மையான பித்தளையில் காந்தம் ஒட்டாது. வலுவாக ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம். அதை அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். உள்ளே இரும்புக் குழாய் இருந்தால் மெல்லிய பித்தளை வழியாகவும் காந்தம் லேசாக இழுக்கும். அதனால் பீடத்தின் விளிம்பு, குமிழ்கள் என்று பல இடங்களில் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

பெயின்ட் அடித்த இரும்பு விளக்கானால், பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளை வறட்டுத் தேய்ப்பாகப் பயன்படுத்தக் கூடாது. ஹோல்டருக்கு அருகில் வயரின் மேல் சாம்பல் வெள்ளை நிறத்தில் நார்நாரான உறை தென்பட்டால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாமல், ஈரத்துணியால் மூடி, தெரிந்தவரிடம் காட்டுவதே சரி.

பீடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், சோக், டிம்மர் போன்றவை இருந்தால் இந்த அத்தியாயத்தின் படிகள் பொருந்தா. தண்டு பீடத்தோடு சேரும் இடத்தில் விரிசல் கண்டிருந்தால் வயர் வேலை பிறகு. வெல்டிங் அல்லது பிரேஸிங் பட்டறைக்குத்தான் விளக்கு முதலில் போக வேண்டும்.

வீட்டின் எர்த் இணைப்பும் இதே கட்டத்தில் பார்க்க வேண்டியது. சாக்கெட்டில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருப்பதாகக் கொள்ள முடியாது. பழைய வீடுகளில் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதது சகஜம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தையும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகினால் விளக்குக்குள் செய்யும் அத்தனை எர்த் வேலையும் வீண்.

கருவிகளும் பொருள்களும்

- ஸ்க்ரூ டிரைவர்கள் (வாட்ச் ரிப்பேர் அளவுச் சிறியது ஒன்று உட்பட), கட்டிங் பிளையர், வயர் ஸ்ட்ரிப்பர்
- அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு. பித்தளையில் பல் பதியாமலிருக்கப் பழைய ரப்பர் ட்யூப் துண்டு
- டபிள்யூடி-40 அல்லது அதுபோன்ற துரு இளக்கி
- உருண்டை அரம், மெல்லிய உப்புத்தாள்
- வலுவான நைலான் நூல், கட்டுக்கம்பி
- மல்டிமீட்டர்
- மூன்று கோர் வயர், புதிய ஹோல்டர், 6 ஆம்பியர் மூன்று பின் பிளக் டாப்
- துளைக்கேற்ற ரப்பர் கிரோமெட், வயரைக் கவ்வும் கிளாம்ப், எர்த்துக்கு வளைய லக், பல் வாஷர், இன்சுலேஷன் ஸ்லீவ்

நியான் டெஸ்டர் இந்தப் பட்டியலில் இல்லாதது தற்செயல் அன்று. டெஸ்டர் எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. ரப்பர் செருப்போடு மரத்தரையில் நிற்பவர் கையில் அது எரியாமலே போகலாம். பிளக் வெளியே கிடப்பதைக் கண்ணால் பார்ப்பது ஒன்றே உறுதி.

கழற்றும் முறை

1. பிளக்கை உருவி, வயரை பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டிவிட வேண்டும். பழைய பிரிட்டிஷ் 5 ஆம்பியர் உருண்டை முனை பிளக் நம் ஊர் 6 ஆம்பியர் சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். பாதி பிரித்த விளக்கை வீட்டில் யாராவது செருகிப் பார்க்கும் ஆசைக்கு இடமே வைக்கக் கூடாது.

2. பல்பையும் ஷேடையும் எடுக்க வேண்டும். ஷேடு வளையம் இறுகியிருந்தால் துணி சுற்றிக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும். பேக்கலைட் வளையம் பிளையரைத் தாங்காது.

3. மேசையில் போர்வை விரித்து விளக்கைக் கிடத்த வேண்டும். நிறுத்தி வைத்துக் கழற்றினால், நட் விட்டதும் பீடம் காலில் விழும்.

4. ஹோல்டரின் மேல்மூடியைத் திருகி எடுத்து உள்ளிருக்கும் இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு திருகுகளைத் தளர்த்தி வயர் முனைகளை விடுவிக்க வேண்டும்.

5. ஹோல்டரின் அடிப்பகுதியை நிப்பிளிலிருந்து திருகி எடுக்க வேண்டும். அதற்கு முன், ஹோல்டரின் கழுத்துப் பக்கவாட்டில் மிகச் சிறிய திருகு ஒன்று பதிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பாலிஷ் அழுக்கு நிரம்பி அது கண்ணுக்கே தெரியாது. அதை விடுவிக்காமல் பலம் கொடுத்தால் நிப்பிளின் மரை போய்விடும். பழைய விளக்குகளில் கெடும் மரைகளுக்கு முதல் காரணம் இந்தத் திருகுதான்.

6. வயரின் மேல்முனையில் நைலான் நூலை இறுகக் கட்ட வேண்டும். நூலின் நீளம் விளக்கின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

7. பீடத்தின் அடியிலிருந்து வயரை மெல்ல இழுத்தால் வயர் வெளியே வரும். நூல் குழாய்க்குள் தங்கும். வராவிட்டால் இழுத்துப் போராடாமல், வயரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது அசைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வகைத் தண்டில், வயர் முழுதாக வெளியே வந்த பிறகே குழாய்களைத் திருகத் தொடங்கலாம்.

8. ஃபெல்ட்டை மெல்லிய கத்தியால் ஓரத்திலிருந்து தூக்கி எடுத்து, அடி நட்டைத் தளர்த்த வேண்டும். துருப்பிடித்திருந்தால் துரு இளக்கி விட்டு ஓரிரவு விட்டுவிட வேண்டும். புளோ லேம்ப் காட்டுவது தவறு. பித்தளைப் பாகங்கள் பல இடங்களில் ஈயப்பற்றால் ஒட்டியவை, சூட்டில் கழன்றுவிடும்.

9. கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கயிற்றில் கோத்துவைக்க வேண்டும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு குமிழ்களுக்குள் மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் எது என்ற குழப்பம் வரும். உட்புறத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டுவைத்தால் போதும்.

வயர் வேலை மட்டும் போதும், பாகங்கள் உறுதியாகவே உள்ளன என்றால் எட்டு, ஒன்பதாம் படிகளில் முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஃபெல்ட்டை எடுத்து நட்டை ஒரு சுற்று இறுக்கினால் போதும். பித்தளைக் குமிழைப் பிரிக்காமலே பாலிஷ் போட முடியும். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடும் ஆர்வத்தில் கெட்ட விளக்குகள் நிறைய.

பழைய வயரைப் படித்தல்

வெளியே வந்த வயரைத் தூக்கி எறியும் முன் அதை அடி அடியாகப் பார்க்க வேண்டும். எங்கே உறை கருகியிருக்கிறதோ அங்கே சூடு. எங்கே வெட்டுப்பட்டிருக்கிறதோ அங்கே குழாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பீடத்தில் வயர் வெளியேறும் பக்கத்துளையிலும் நிப்பிளின் வாயிலும்தான் பெரும்பாலும் வெட்டு விழும். அந்த இரண்டு இடங்களையும் உருண்டை அரத்தால் தேய்த்து, விரலை விட்டால் பிசிறு தட்டாத அளவுக்கு மழுக்க வேண்டும். புதிய வயர் எத்தனை நாள் தாங்கும் என்பதை இந்தச் சிறு வேலைதான் தீர்மானிக்கிறது.

ரப்பர் வயரைச் சீவிப் பார்த்தால் கம்பி வெள்ளையாகத் தெரியலாம். அலுமினியம் என்று நினைப்பது வழக்கம். உண்மையில் அது வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் அந்தக் காலத்தில் வெள்ளீயம் பூசினார்கள். பி.வி.சி. வயரானால் முனைகளில் பச்சைப் பிசின் கசிந்திருக்கலாம். எந்த வகையானாலும் பழைய வயரில் நல்ல பகுதி என்று ஒரு துண்டைக் காப்பாற்றி, ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக் கூடாது. தண்டுக்குள் ஒட்டு என்ற பேச்சே இருக்கக் கூடாது.

சுத்தம் செய்தல்

வயர் வெளியே இருக்கும் இந்த நேரம்தான் துலக்குவதற்கு ஏற்றது. வெறும் பித்தளையானால் புளியோ கடைப் பாலிஷோ போதும். புளி போட்டால் நன்றாகக் கழுவி, குழாயின் உட்புறம் உட்பட வெயிலில் முழுதாகக் காயவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் புளிப்பு பித்தளையைப் பச்சை பிடிக்கச் செய்யும். மேலே லேக்கர் பூச்சு இருந்தால் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளலாம். கருத்த பழைய நிறத்துக்காகவே சிலர் இந்த விளக்குகளை வாங்குகிறார்கள். பளபளப்பாக்கிய பின் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது எளிதன்று.

வயர் தேர்வு

60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் இழுக்கும் கரண்ட் 0.26 ஆம்பியர்தான், 9 வாட் எல்.இ.டி. அதிலும் மிகக் குறைவு. கரண்டுக்காக மட்டும் என்றால் 0.5 சதுர மில்லிமீட்டர் வயரே தாராளம். தரையில் கிடந்து மிதிபடும் வயர் என்பதால் உறுதிக்காக 0.75 எடுக்கிறார்கள். பழைய எலெக்ட்ரிக்கல் கடைகளில் 23/76 என்று கேட்டால் ஏறக்குறைய இதே தடிமனுள்ள வயரை எடுத்துத் தருவார்கள். ஐ.எஸ். 694 முத்திரை உள்ள, மூன்று கோர், வெளியுறையோடு கூடிய செம்பு வயராக இருக்க வேண்டும்.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல். வெளியுறையுள்ள 0.75 மூன்று கோர் வயரின் மொத்தத் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் ஆறரை, ஏழு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இரண்டு கம்பிக்காகச் செய்த பழைய உள்குழாயின் துளையும் பல சமயம் அதே அளவுதான். உள்ளே போகாது, போனாலும் பாதியில் சிக்கும். சிக்கியதும் பலர் மூன்றாவது கம்பியை விட்டுவிட்டு இரண்டு கோர் வயருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

சரியான வழி இது. பீடம் வரையில் வெளியுறையோடு வயர் வர வேண்டும். பீடத்தின் உள்ளே கிளாம்ப் அதை வெளியுறையின் மேல் கவ்வ வேண்டும். கிளாம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் விட்டு, அதற்கு மேல் வெளியுறையை நீக்கி, மூன்று தனிக் கம்பிகளை மட்டும் குழாய்க்குள் ஏற்ற வேண்டும். துளை இடம் கொடுத்தால் மூன்றையும் சேர்த்து மெல்லிய ஸ்லீவுக்குள் விடுவது நல்லது. வெளியுறையை நீளவாக்கில் பிளேடால் கீறும்போது உள்கம்பிகளின் உறையில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அந்த நீளம் கழிவு. வயரின் முனையில் உறையை ஓரங்குலம் உரித்து, உள்ளிருக்கும் ஒரு கம்பியைப் பிளையரால் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் அந்தக் கம்பியே உறையைக் கிழித்துக்கொண்டு வரும், பிளேடு தேவைப்படாது. அந்த ஒரு முனை நசுங்கியிருக்கும் என்பதால் நீளத்தை ஒரு சாண் கூடுதலாக வைத்துக்கொண்டு பிறகு வெட்டிவிட வேண்டும்.

பழைய தோற்றத்துக்காகத் துணி பின்னல் போட்ட வயரும் விற்கிறார்கள். அதிலும் மூன்று கோர் உண்டு. இரண்டு கோர் துணி வயரை உலோக விளக்குக்கு வாங்கக் கூடாது.

வயர் இழுத்தல்

1. மூன்று கம்பிகளையும் சமமாக வெட்டாமல் ஒன்றுக்கொன்று ஓரங்குலம் குறைத்து வெட்டி, படிபோல அமைக்க வேண்டும். மூன்று முனைகளும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே முடிச்சு பருத்துக் குழாயில் மாட்டும்.

2. குழாய்க்குள் இருக்கும் நைலான் நூலின் அடிமுனையில் இந்தக் கம்பிகளைக் கட்டி, மேலே வழுவழுப்பான டேப்பை ஒரே ஒரு சுற்று, கூம்பு வடிவமாக ஒட்ட வேண்டும்.

3. ஒருவர் மேலிருந்து நூலை இழுக்க, மற்றவர் கீழிருந்து வயரை நேராக்கி ஊட்ட வேண்டும். தனியாளாகச் செய்வதானால் தண்டை நிமிர்த்தாமல் கிடத்தியே செய்யலாம்.

4. நூல் அறுந்துவிட்டால், கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து, மடிப்பு முனையை முன்னே விட்டுத் தள்ள வேண்டும். ஒற்றைக் கம்பியின் கூர்முனை குழாயின் மூட்டுகளில் குத்தி நின்றுவிடும்.

5. கம்பிகள் உச்சியில் அரையடி வெளியே வரும்வரை இழுத்து, அங்கே தளர்வான ஒரு முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பீடத்தை நகர்த்தும்போது உள்ளே போய்விடும்.

இரண்டாம் வகைத் தண்டில் குழாய்கள் எல்லாம் முழுதாக இணைந்து இறுகிய பின்னரே வயர் இழுக்க வேண்டும். முன்கூட்டியே கோத்துவிட்டுக் குழாயைத் திருகினால் ஒவ்வொரு சுற்றும் வயரில் ஒரு முறுக்கு. பார்வைக்குத் தெரியாது, ஓரிரு ஆண்டுகளில் உள்ளேயே உறை விரியும்.

குறிப்பு: சோப்புத் தண்ணீர், எண்ணெய், கிரீஸ் எதையும் வழுக்குவதற்காகத் தடவக் கூடாது. டால்கம் பவுடர் போதும்.

எர்த் இணைப்பு

பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்ட கம்பிதான் எர்த். பீடத்தின் உட்புறத்தில், தண்டைப் பிடிக்கும் நட்டுக்கு அருகே உலோகத்தைப் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். லேக்கரின் மேலோ துருவின் மேலோ லக்கை வைத்து இறுக்கினால் இணைப்பு இருப்பதுபோலத் தோன்றும், கரண்ட் போகாது. அமைப்பு இந்த வரிசையில்: தேய்த்த உலோகம், பல் வாஷர், எர்த் லக், வாஷர், நட்.

எர்த் கம்பியை இந்த இடத்தோடு முடித்துவிடாமல் உச்சி வரை கொண்டுபோய், எர்த் முனை உள்ள பித்தளை ஹோல்டரில் சேர்க்க வேண்டும். கோத்த பாகங்களுக்கு நடுவே லேக்கரும் ஃபைபர் வாஷரும் இருப்பதால் பீடத்தில் கொடுத்த எர்த் ஹோல்டர் வரை எட்டும் என்று நம்ப முடியாது. எர்த் முனை இல்லாத பழைய பித்தளை ஹோல்டரை அழகுக்காக வைத்துக்கொள்வதைவிட மாற்றிவிடுவதே மேல். முழுதும் பேக்கலைட்டாலான ஹோல்டரானால் அதற்கு எர்த் வேண்டாம். தண்டுக்கும் பீடத்துக்கும் கட்டாயம் வேண்டும்.

எங்கெல்லாம் மூன்று கம்பிகள் முடிகின்றனவோ அங்கெல்லாம் எர்த் கம்பி மற்ற இரண்டைவிட ஓரங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். யாராவது வயரைத் தட்டி இழுத்துவிட்டால் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்கும்.

ஹோல்டரும் ஸ்விட்சும்

கம்பி முனையில் அரை அங்குலத்துக்கும் குறைவாகவே உறை நீக்கி, இழைகளை வலஞ்சுழியாக முறுக்கி, ஒருமுறை இரட்டையாக மடித்துத் திருகின் துளைக்குள் விட வேண்டும். ஒரே ஓர் இழை வெளியே பிரிந்து நின்றாலும் அது ஹோல்டரின் உடலைத் தொட்டுவிடும். முனையில் சால்டர் பூசுவது உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். திருகின் அழுத்தத்தில் சால்டர் நாளடைவில் நசுங்கி விலகி இணைப்புத் தளர்ந்துவிடும் என்பதால், திருகில் போகும் முனைக்கு அது கூடாது.

பின் டைப் ஹோல்டரில் ஃபேஸ், நியூட்ரல் எந்த முனையில் போனாலும் பல்புக்கு வேறுபாடில்லை. ஹோல்டரிலேயே ஸ்விட்ச் இருந்தால் அது ஃபேஸை வெட்டும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். திருகு டைப் ஹோல்டரில் விதி கண்டிப்பானது: ஃபேஸ் நடுப்புள்ளிக்கு, நியூட்ரல் மரைக் கூட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால், பல்பைத் திருகும்போது விரல் படும் மரையிலேயே மின்சாரம் இருக்கும்.

வயரின் நடுவே ஸ்விட்ச் போடுவதானால் ஃபேஸ் கம்பியை மட்டும் வெட்ட வேண்டும்; எர்த்தும் நியூட்ரலும் முழுதாகக் கடந்து போக வேண்டும். பெட் ஸ்விட்ச் என்று விற்கும் பேரிக்காய் வடிவ ஸ்விட்சில் இரண்டு கம்பிக்கு மட்டுமே இடம் இருக்கும். எர்த் கம்பியை அதன் வெளியே ஓடவிட்டு டேப் சுற்றுவது முறையன்று. மூன்று கோர் நுழையும் ஸ்விட்ச் கிடைக்காவிட்டால் ஹோல்டரில் ஸ்விட்ச் வைப்பதே நல்லது.

பிளக்கில் எழுத்துக் குறியைப் பார்த்து இணைக்க வேண்டும். பழுப்பு அல்லது சிவப்பு ஃபேஸ், நீலம் அல்லது கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிளக்கின் உள்ளிருக்கும் கவ்வி வெளியுறையைப் பிடிக்க வேண்டும். தனிக் கம்பிகளைப் பிடித்தால் அது கவ்வியே அன்று.

மின்சாரம் கொடுக்கும் முன் சோதனை

பல்பு இல்லாமல், ஸ்விட்சை ஆனில் வைத்து மல்டிமீட்டரால் பார்க்க வேண்டியவை:

- எர்த் பின்னுக்கும் விளக்கின் ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் நடுவே ஓர் ஓமுக்குள் இருக்க வேண்டும். பாலிஷ் அல்லது லேக்கர் தடுத்தால் மீட்டரின் ஊசியை உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில் வைக்கலாம்.
- ஃபேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே இணைப்பு காட்டக் கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அப்படியே.
- ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைப்பு காட்டக் கூடாது.

மீட்டரைப் பிடித்தபடியே வயரை பீடத்தருகில் அசைத்தும், தண்டைச் சாய்த்தும் பார்க்க வேண்டும். எண் துள்ளினால் எங்கோ தளர்வு. மல்டிமீட்டர் சிறு பேட்டரியால் சோதிப்பது; பலவீனமான உறை 230 வோல்ட்டில்தான் விட்டுக்கொடுக்கும். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் இருந்தால் 500 வோல்ட்டில் சோதித்துக்கொள்ளலாம். புதிய வயர் போட்ட விளக்கு ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டவே கூடாது.

அடுத்து சீரிஸ் போர்டு. ரிப்பேர் கடைகளில் சுவரில் தொங்கும் 100 வாட் குண்டு பல்பு இதுதான். ஃபேஸ் அந்தப் பல்பின் வழியாகவே சாக்கெட்டுக்கு வரும். விளக்கைப் பல்பில்லாமல் அதில் செருகினால் போர்டு பல்பு எரியக் கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். உடனே உருவிவிட வேண்டும். பிறகு விளக்கில் ஒரு குண்டு பல்பைப் போட்டால் இரண்டும் மங்கலாக எரியும். அதுவே சரியான அறிகுறி. எல்.இ.டி. பல்பு போட்டுப் பார்த்தால் அது மட்டும் எரியும், போர்டு பல்பு இருண்டே இருக்கும், அதில் குறையில்லை.

இவை தேறிய பின் நேரடி சாக்கெட்டில் அரைமணி நேரம் எரியவிட்டு, அணைத்து, பிளக்கை உருவி, ஹோல்டரின் கழுத்தையும் பிளக்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளக் சுடுமானால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது.

பல்பும் ஷேடும்

பட்டு, காகிதத்தோல், பழைய மெழுகுத்துணி ஷேடுகளுக்கு எல்.இ.டி. மட்டுமே பொருத்தம். குண்டு பல்பு போட்டே ஆக வேண்டுமென்றால் ஷேடின் துணி எந்த இடத்திலும் பல்புக்கு நான்கு விரல் தூரத்துக்குள் வரக் கூடாது. 40 வாட்டுக்கு மேல் போகவும் கூடாது. முழுதும் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் எல்.இ.டி. பல்பு சூடு தாங்காமல் சீக்கிரம் போகும். அங்கே குறைந்த வாட் போடுவது வழி.

பல பல்பு விளக்குகள்

மூன்று, நான்கு கைகள் உள்ள விளக்கில் கைகள் பிரியும் இடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். இணைப்புகள் எல்லாம் அதற்குள்தான். பழைய கைவேலையில் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். டேப் காய்ந்து உதிர்ந்திருக்கும். அதற்குப் பதில் திருகுள்ள சிறு கனெக்டர் கட்டையை வைத்து, எல்லா ஃபேஸும் ஒன்றாக, எல்லா நியூட்ரலும் ஒன்றாக, எல்லா எர்த்தும் ஒன்றாகச் சேர வேண்டும். ஒவ்வொரு கைக்கும் எர்த் தனியே போக வேண்டும். வளைந்த கைகளில் வயர் நுழையாவிட்டால், முதலில் நூலை ஒரு பக்கம் விட்டு மறுபக்கத்தில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் வந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த விளக்குகள்

உறவினர் கொண்டுவந்த அமெரிக்க விளக்குக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டியதில்லை. விளக்கின் உடல் எந்த வோல்ட்டேஜுக்கும் ஒன்றுதான். 120 வோல்ட்டுக்கு உரியவை பல்பும் மற்ற மின் பாகங்களும் மட்டுமே. அந்தப் பல்பை இங்கே போட்டால் உடனே போய்விடும். ஹோல்டர், ஸ்விட்ச், வயர், பிளக் நான்கையும் 230 வோல்ட்டுக்கு உரியவையாக மாற்ற வேண்டும்.

நிறக்குறியில் எச்சரிக்கை தேவை. அமெரிக்க வயரில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல்; பழைய பிரிட்டிஷ், இந்திய வழக்கத்தில் கறுப்பு நியூட்ரல். பழைய வயரின் நிறத்தைப் பார்த்துப் புதியதை இணைத்தால் ஃபேஸ் தலைகீழாகிவிடும். இணைக்கும்போது நிறத்தை மறந்து, எந்த முனை நடுப்புள்ளிக்குப் போகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

உச்சியில் பெரிய கண்ணாடிக் கிண்ணமும் மிகப் பருத்த திருகு ஹோல்டரும் உள்ள அமெரிக்க விளக்குகளில், ஒரே பல்பில் மூன்று அளவு வெளிச்சம் தரும் ஏற்பாடு இருக்கும். அந்த ஹோல்டரின் அளவு இங்கே விற்கும் வீட்டு பல்புகளுக்குப் பொருந்தாது. அதை எடுத்துவிட்டு இ27 பீங்கான் ஹோல்டர் பொருத்துவது எளிது. புதிய ஹோல்டரின் அடி மரை, பழைய நிப்பிளின் மரையோடு சேராமல் போகலாம். அரைகுறையாகப் பிடிக்கும் மரையில் பலவந்தமாகத் திருகாமல், லேத் பட்டறையில் ஒரு பித்தளை அடாப்டர் கடைந்து வாங்க வேண்டும். அடாப்டரின் உள்விளிம்பையும் பட்டறையிலேயே மழுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

மூடுதல்

பீடத்தின் பக்கத்துளையில் ரப்பர் கிரோமெட் பொருந்தியிருக்கிறதா, கிளாம்ப் வயரை நசுக்காமல் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபெல்ட்டை ஒட்ட வேண்டும். வெளியிலிருந்து வயரைப் பலமாக இழுத்தாலும் உள்ளே கம்பிகள் ஒரு நூல்கூட அசையக் கூடாது. பீடத்துக்குள் மிச்ச வயரைச் சுருட்டி அடைத்து வைக்கக் கூடாது. விளக்கின் எடை அதன் மேலேயே உட்காரும். ஃபெல்ட்டுக்கு ரப்பர் பசையை ஓரத்தில் மட்டும் தடவினால், அடுத்த முறை அடி நட்டை இறுக்க வேண்டி வரும்போது துணி கிழியாமல் எடுக்கலாம். புதிய வாஷர்கள் அமுங்குவதால் அந்த நட் முதல் சில வாரங்களில் சற்றுத் தளரும். பிளக்கை உருவிவிட்டு ஒருமுறை இறுக்கினால் போதும்.